ஆறாவது

ஐந்து கழன்றுவிட்டன.
முதலாவது எண்ணெய்க்கு இளகியது,
இரண்டாவது திட்டுக்கு.
மூன்றும் நான்கும் சும்மாவே வந்தன,
யாராவது கூப்பிடட்டும் என்று இருந்தவை போல.
ஐந்தாவதற்கு மரச்சுத்தியல்.

ஆறாவது
வாட்டர் பம்ப்புக்கு அடியில்,
ஆல்டர்னேட்டர் தாங்கிக்குப் பின்னே,
டார்ச் வெளிச்சம் வளைந்து போக முடியாத இடத்தில்
உட்கார்ந்திருக்கிறது.

கண் போகாது. கை போகும்.
கையும் முழுதாகப் போகாது:
மோதிரத்தைக் கழற்றினால் மணிக்கட்டு வரை,
மூச்சை வெளியே விட்டால் இன்னும் ஒரு விரற்கடை.
நடுவிரல் நுனிதான் அதைப் பார்த்தது.
ஆறு முனை. அதில் ஒன்று மழுங்கியிருக்கிறது.
மழுக்கியது நான்தான், காலையில், அவசரத்தில்.

கலாமாவில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பும்.
அதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.
இப்போது திறந்த பானட்டுக்குள்
சுரங்கத்துத் தூசி இறங்குகிறது.
அட்டைப்பெட்டி மேல் புது ரேடியேட்டர்:
அலுமினியம், மூன்று வரிசை, இரண்டு மின்விசிறி.
நேற்று ராத்திரி இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தேன்.

இந்த உயரத்தில் தண்ணீருக்குச் சீக்கிரம் கொதி வந்துவிடும்.
போன கோடையில், ஒயாக்வே ஏற்றத்தில்,
மூன்று முறை வண்டியை ஓரங்கட்டினேன்.
பின்னால் நாற்பது மூட்டை கேரட் வெயிலில் சுருங்கியது.
ஒரு விகூன்யா நின்று பார்த்துவிட்டுப் போயிற்று,
உதவ முடியாதவர்கள் பார்க்கிற மாதிரி.

நீட்டுக்கம்பி, அதற்கொரு மூட்டு,
மூட்டுக்கு மேல் இன்னொரு நீட்டுக்கம்பி.
என் பலத்தில் பாதியை மூட்டுகளே தின்றுவிடுகின்றன.
சாக்கெட் வழுக்கி, விரல் முட்டியில் தோல் போனது.
கெட்ட வார்த்தை சொன்னேன்.
பிறகு மரியாதையாகவும் சொல்லிப் பார்த்தேன்.

பின்புறமிருந்து திருகினால் இடம் வலமாகும்.
இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தேனோ
என்று தோன்றியபோது
வண்டிக்கடியில் படுத்தபடியே சிரிப்பு வந்தது.
இல்லை. சரியான பக்கம்தான்.
அது வரவில்லை, அவ்வளவே.

துருவும் இல்லை. மழையே பார்க்காத ஊர்.
துருவில்லாமல் இப்படிப் பிடிக்குமா?
உடும்புக்குக்கூட ஒரு நேரம் கை வலிக்கும்.
யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
இந்தப் பம்ப்பைக் கடைசியாக மாட்டியவன்
என் தம்பி எலியூதேரியோ.

பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
டிரக்கில் பாதி அவனுடையது.
அந்தோஃபகஸ்தா துறைமுகத்தில் வேலை கிடைத்ததும்
பாதியைப் பணமாகக் கொடு என்றான்.
கொடுக்கிறேன் என்றேன்.
கொடுக்க வைத்திருந்ததில்தான்
இந்த ரேடியேட்டர் வந்தது.

நான்கு மணிக்கு, கிரீஸ் கையோடு, அவன் எண்ணை அழுத்தினேன்.
பின்னால் கிரேன் சத்தம்.
"வாட்டர் பம்ப், அடி போல்ட்" என்றேன்.
"பம்ப்பை எதற்கு இறக்குகிறாய்?"
"புது ரேடியேட்டர் போடுகிறேன்."
கிரேன் இரண்டு பெட்டி இறக்கும் நேரம் ஒன்றும் பேசவில்லை.
"புதுசு" என்றான்.
"ம்."
"எத்தனை வரிசை?"
"மூன்று."
இன்னொரு பெட்டி இறங்கியது.
"சிவப்புப் பசை போட்டிருக்கிறேன், எடெல்மிரா.
அந்த ஏற்றத்தில் நீ தனியாக இருக்கும்போது
கழன்றுவிடக் கூடாதே என்று.
சூடு காட்டினால்தான் விடும்."
வைத்துவிட்டான்.

அந்த இடுக்கில் தீ காட்ட வழியில்லை, முழுக்க வயர்.
சால்டரிங் அயர்னை போல்ட் தலையில் சாய்த்து
கால்மணி நேரம் பிடித்திருந்தேன்.
முதலில் கருகல் வாசம், பிறகு லேசாய் ஒரு இனிப்பு.
ராட்செட்டை மாட்டி இழுத்தேன்.
ஒரு சின்ன டிக்.
காதுக்கு அல்ல, முழங்கைக்குக் கேட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தால்
மரையெல்லாம் சிவப்புப் பொடி.
கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன், எதுவும் எழுதாமல்.

பம்ப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். அசையவில்லை.
இருட்டத் தொடங்கியபோது போன் ஒளிர்ந்தது.

"அதற்குப் பின்னால் ஏழாவது ஒன்று உண்டு.
அதற்கும் சிவப்புதான்."

நல்ல வேளை,
மோதிரத்தை இன்னும் போடவில்லை.